எம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

இணையக் கடையில் ஒரு சைக்கிளைத் திறந்து பார்த்தால் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது '27.5டி' அல்லது '29டி' என்ற எண். அது சக்கரத்தின் அளவு. பக்கத்தில் 'வயது 15க்கு மேல்' என்றோ இத்தனை அடி உயரமுள்ளவர்களுக்கு என்றோ ஒரு வரி இருக்கும். கீழே போகப் போக கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் உண்டா, எத்தனை சதவீதம் பூட்டி அனுப்புவார்கள் என்பதெல்லாம் வரும். சீட்டில் உட்கார்ந்தவர் கையை எவ்வளவு தூரம் நீட்ட வேண்டியிருக்கும் என்பது மட்டும் பெரும்பாலும் வராது. கழுத்தும் தோளும் மணிக்கட்டும் பல வருடம் சுமக்கப்போவது அந்த ஒரு தூரத்தைத்தான்.

சக்கரத்தின் எண்ணையே சைக்கிளின் எண்ணாகச் சொல்வது ஒரு காலத்தில் முழுக்கச் சரியாகவே இருந்தது. 1870களின் இங்கிலாந்தில் முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் தட்டளவுமாக ஓடிய உயரச் சைக்கிள்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. அதிக தூரம் போக வேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருந்தாக வேண்டும். எவ்வளவு பெரிதாக? ஏறி உட்கார்ந்தவரின் கால் கீழ்ப்பெடலை எட்டும் அளவுக்கு. ஆகவே 50 அங்குலம், 52 அங்குலம், 54 அங்குலம் என்று வாங்குபவரின் காலைப் பார்த்துச் சக்கரத்தை விற்றார்கள். சக்கரத்தின் விட்டமே வேகம், அதுவே உயரம், அதுவே அளவு.

1885இல் கவென்ட்ரி நகரத்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன் ரோவர் சைக்கிளை வெளியிட்டார். பெடல் நடுவில் இறங்கியது, செயின் பின்சக்கரத்தை இழுத்தது. பெடலில் பெரிய பல்சக்கரமும் பின்னால் சிறியதுமாக வைத்தால், சின்னச் சக்கரமே பெரிய சக்கரத்தின் வேலையைச் செய்துவிடும். சக்கரத்துக்கும் மனிதக் காலுக்கும் இருந்த உறவு அன்றோடு அறுந்தது. இத்தனை வருடம் கழித்து இணையச் சந்தை மறுபடியும் சக்கரத்தின் எண்ணை முன்னால் தூக்கி வைத்திருப்பது வேடிக்கைதான். 29 அங்குலச் சக்கரம் போட்ட சைக்கிள் ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் பொருந்தலாம், இருவருக்குமே பொருந்தாமலும் போகலாம். மேடு பள்ளத்தில் எப்படி உருளும் என்பதைச் சக்கரம் சொல்லும். உட்காருபவருக்கு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியது பிரேம்.

சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் மட்டும் இதற்கு விலக்கு. 12, 16, 20 அங்குலச் சக்கரங்களுக்கு ஏறக்குறைய ஒவ்வோர் அளவில்தான் பிரேம் வரும் என்பதால் சக்கரத்தைச் சொன்னால் பிரேமையும் சொன்னதாகிவிடுகிறது. அங்கேகூட வயதைப் பார்க்காமல் காலின் நீளத்தைப் பார்ப்பது நல்லது. 'வளர்ற பிள்ளைதானே' என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது நம் வீடுகளின் வழக்கம். சீட்டில் உட்கார்ந்தபடி தரையில் கால் ஊன்ற முடியாத குழந்தை, வளரும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகும்.

பெரியவர்கள் சைக்கிளுக்கு வருவோம். ரோவருக்குப் பிறகு அளவு என்பது பிரேமுக்குப் போய்ச் சேர்ந்தது. கிராங்குகள் சுழலும் அச்சுப் பெட்டியை மெக்கானிக்குகள் பிபி என்பார்கள். அங்கிருந்து சீட்டுக் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளத்தைப் பிரேமின் அளவு என்றார்கள். நம்மூரில் 22 இன்ச், 24 இன்ச் என்று கேட்டு வாங்கிய கறுப்புச் சைக்கிள்களின் எண் இதுதான். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் உள்பட இந்தியாவின் பழைய வண்டிகள் எல்லாம் இங்கிலாந்து வார்ப்பில் வந்தவை: 28 அங்குலச் சக்கரம், படுக்கையான பார், உயரமான பிரேம். 22 அங்குல பிரேம் என்றால் 56 சென்டிமீட்டர். பிபி தரையிலிருந்து ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் பார் நிற்கும் உயரம் 85 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆண் வெறுங்காலில் நின்றால் கவட்டை உயரம் 76 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வளர்ந்த ஆண்களே சைக்கிளைச் சாய்த்துத்தான் நிற்க முடிந்தது என்றால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து ஓட்டிய குரங்குப் பெடல், அளவு தப்பிய வண்டிக்கு உடல் கண்டுபிடித்த பதில்.

பார் படுக்கையாக இருந்த வரைக்கும் சீட்டுக் குழாயின் நீளம் நியாயமான அளவாகவே இருந்தது. பின்னால் உயரம் கூடினால் முன்னால் ஹேண்டில்பாரும் கூடவே உயரும், பாரும் சற்று நீளும். ஒரு எண்ணைச் சொன்னால் மற்றவை பின்தொடரும். இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களில் முக்கியமானவர் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளின் பின்னால் இருந்த மூளை இவருடையது. பிறகு தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக, 1990களின் நடுவில், பின்பக்கம் சரிந்து இறங்கும் பார் வைத்த டிசிஆர் பந்தயச் சைக்கிளை வடிவமைத்தார். சீட்டுக் குழாய் குட்டையானது, சீட் போஸ்ட் நீண்டது. பிரேம் லேசானது, விறைப்பு கூடியது. தொழிற்சாலைக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று கிடைத்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பிரேம் செய்ய வேண்டியதில்லை. எஸ், எம், எல் என்று மூன்றே அச்சு போதும். மிச்சத்தை சீட் போஸ்ட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மும் பார்த்துக்கொள்ளும்.

அன்று முதல் அளவு என்பது எண்ணிலிருந்து எழுத்தாக மாறியது. சட்டைக் கடையில் ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் ஆவது போலத்தான் இதுவும், ஆனால் இங்கே போட்டுப் பார்க்கும் அறை கிடையாது. 18 என்று எண் போட்டிருந்தால்கூட, ஒருவர் சீட்டுக் குழாயின் நுனி வரை அளந்திருப்பார், இன்னொருவர் பார் வந்து சேரும் நடுப்புள்ளி வரை அளந்திருப்பார், வேறொருவர் பார் படுக்கையாக இருந்திருந்தால் எங்கே முடியுமோ அதுவரை கற்பனையாக அளந்திருப்பார்.

உயரத்தை வைத்து அளவு சொல்லும் அட்டவணைகள் ஏன் பலருக்குச் சரியாகவும் சிலருக்குப் படுமோசமாகவும் வருகின்றன? இதற்கு விடை சைக்கிள் உலகத்துக்கு வெளியே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் கில்பர்ட் டேனியல்ஸ் 4063 விமானிகளின் அளவுகளை எடுத்துப் பார்த்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகள். ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 30 சதவீதத்துக்குள் வருபவரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்கென்று செய்த விமானி அறை யாருக்குமே பொருந்தாத அறை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னும் பின்னும் நகரும் இருக்கைகள் வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

சைக்கிளிலும் இதே கதை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் இருக்கும், மற்றவருக்கு நேர்மாறாக. அட்டவணை இருவருக்கும் எம் என்று சொல்லும். முதலாமவர் சீட்டை உயர்த்தியதும் ஹேண்டில்பார் அவருக்குக் கீழேயும் தூரத்திலும் போய்விடும். கால் குட்டையானவர் சீட்டை இறக்கிக்கொண்டு நிமிர்ந்து சொகுசாகப் போவார், கொஞ்சம் நெருக்கமாக உணர்ந்தாலும். ஜெர்மனியின் கோப்லென்ஸிலிருந்து வாடிக்கையாளருக்கு நேரடியாகவே சைக்கிள் அனுப்பும் கேன்யன் நிறுவனம் உயரத்தோடு காலின் உள்ளளவையும் கேட்டு வாங்கிக்கொள்வது இதனால்தான்.

அந்த உள்ளளவை எடுப்பது சுலபம், தப்பாக எடுப்பது அதைவிடச் சுலபம். பேண்ட் தைக்கக் கொடுத்த அளவு இதற்கு உதவாது, அது துணிக்கான தளர்வோடு எடுத்தது. வெறுங்காலில், சுவரோடு முதுகு ஒட்ட, பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் விட்டு நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே சீட்டு இருக்கும் இடத்துக்கு ஏற்றி, உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு அழுத்த வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவர் அளக்கட்டும். இரண்டு மூன்று முறை எடுத்தால் கூச்சத்தில் விட்டுப்போன ஒரு சென்டிமீட்டர் கிடைத்துவிடும்.

இந்த எண்ணிலிருந்து சீட்டின் உயரத்துக்குப் போகப் பழைய வாய்ப்பாடுகள் உண்டு. 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், உள்ளளவில் 109 சதவீதம் இருக்கட்டும் பெடலின் கீழ்நிலையிலிருந்து சீட்டு வரை என்றார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட், தன் பயிற்சியாளர் சிரில் கிமாரிடமிருந்து பெற்ற கணக்கைப் பிரபலமாக்கினார்: உள்ளளவை 0.883ஆல் பெருக்கினால் பிபியின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான தூரம். 76 சென்டிமீட்டர்காரருக்கு லெமாண்ட் கணக்கு 67.1 என்கிறது. ஹாம்லி-தாமஸ் கணக்கில் 82.8 வருகிறது, அதில் 17 சென்டிமீட்டர் கிராங்கைக் கழித்தால் 65.8. இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. காலணியின் தடிமன், பாதத்தின் நீளம், குதிகாலை இறக்கி மிதிப்பவரா உயர்த்தி மிதிப்பவரா என்பது எதுவும் இந்த வாய்ப்பாடுகளுக்குத் தெரியாது. உடலியல் வல்லுநர்கள் வேறு வழியில் சொல்வார்கள்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் முழுக்க நீளாமல் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கட்டும். அதைவிட அதிகம் மடங்கினால் முழங்கால் சில்லு தொடையெலும்போடு அழுந்தும். குறைவாக மடங்கினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

சீட்டின் உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசியபின் சொல்கிறேன், வாங்கும்போது அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது ஒரு திருகைத் தளர்த்தினால் மாறுகிற விஷயம். சீட் போஸ்டில் 'இதற்கு மேல் உயர்த்தாதே' என்று பொறித்திருக்கும் கோடு குழாய்க்கு வெளியே தெரியாத வரை எந்த உயரமும் சரிதான். காசு கொடுத்து வாங்கிய பிறகு மாற்ற முடியாதது பிரேமின் முன்பக்கம். ஹேண்டில்பார் பூட்டும் குழாயின் தலை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் உண்மையில் நாம் வாங்குவது.

இதை அளக்க இரண்டு எண்கள் உண்டு. பிபியின் மையத்திலிருந்து செங்குத்தாக முன்குழாயின் தலை வரை உள்ள உயரம் ஸ்டாக். அதே மையத்திலிருந்து கிடைமட்டமாக அதே இடத்துக்கு உள்ள தூரம் ரீச். டிரையத்லான் சைக்கிள்களை உருவாக்கிய அமெரிக்கர் டான் எம்ப்ஃபீல்ட் பரப்பிய இந்த முறை இன்று நல்ல நிறுவனங்களின் ஜியோமெட்ரி அட்டவணை எல்லாவற்றிலும் இருக்கிறது. எழுத்து எம்மாக இருந்தால் என்ன, எல்லாக இருந்தால் என்ன, இரண்டு எண்களை வைத்து ஒரே வகையான எந்த இரண்டு வண்டியையும் ஒப்பிடலாம். இந்த அட்டவணையே போடாமல் விற்கும் வண்டியை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஒப்பிடுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு வண்டியின் ஸ்டாக் 545, ரீச் 385 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றின் ஸ்டாக் 580, ரீச் 375. ரீச்சை மட்டும் பார்ப்பவர் முதல் வண்டி நீளமானது என்பார். ஆனால் முன்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பெரும்பாலும் 73 டிகிரியில். அதில் வளையங்களைச் செருகி ஹேண்டில்பாரை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 3 மில்லிமீட்டர் பின்னாலும் வரும். முதல் வண்டியை 35 மில்லிமீட்டர் உயர்த்தினால் ரீச் 11 குறைந்து 374 ஆகிவிடும். நீளத்தில் இரண்டும் ஒன்றே. வித்தியாசம் உயரத்தில்தான்: குனிந்து பந்தயம் ஓட்டுபவருக்கு முதலாவது, முதுகுவலிக்குப் பயந்தவருக்கு இரண்டாவது. கார்பன் ஃபோர்க் போட்ட வண்டியில் எத்தனை வளையம் அடுக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் எல்லை வைத்திருப்பார் என்பதால், முதலாவதை வாங்கி உயர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலிக்காமலும் போகலாம். வளைந்த ஹேண்டில்பார் வண்டியையும் நேரான ஹேண்டில்பார் வண்டியையும் இந்த எண்களால் ஒப்பிடவே கூடாது. வளைந்த ஹேண்டில்பாரே முன்னோக்கி ஏழெட்டு சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டுத்தான் ரோடு பைக்கின் ரீச்சைக் குட்டையாக வைக்கிறார்கள்.

குட்டையானவர்களின் பாடு தனி. 1996இல் பிறந்தவர்களை வைத்து எடுத்த உலகளாவிய கணக்கில் இந்திய ஆணின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டர், பெண்ணின் உயரம் 153. நெதர்லாந்தில் அதே வயதுக்காரர்கள் 182, 169. சைக்கிள் வடிவமைப்பின் நடுப்புள்ளி ஐரோப்பாவில் இருப்பதால் நம் சராசரிப் பெண் அவர்களின் அட்டவணையில் கடைசி வரிக்கு வந்துவிடுகிறார். அந்தக் கடைசி வரியில்தான் தந்திரமும் நடக்கிறது. பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு பிரேமை ஓர் எல்லைக்கு மேல் சுருக்கினால், திரும்பும்போது காலணியின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க முன்பக்கத்தைச் சுருக்காமல் விட்டு, சீட்டுக் குழாயை மட்டும் செங்குத்தாக்கிவிடுவார்கள். ஒரு டிகிரி நிமிர்த்தினால் சீட்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரும், பாரின் நீளம் அட்டவணையில் ஒரு சென்டிமீட்டர் குறைந்து தெரியும். காகிதத்தில் எக்ஸ்எஸ், எஸ்ஸைவிடச் சின்னது. ரீச் என்ற வரியைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஓட்டுபவர் பெடலுக்குச் சரியான இடத்தில் உட்காரச் சீட்டைப் பின்னே தள்ளினால் அந்தச் சென்டிமீட்டர் திரும்ப வந்து நிற்கும்.

இதற்கு நேர்மையான தீர்வு சக்கரத்தைச் சின்னதாக்குவது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985இல் பெண்களுக்கென்று சைக்கிள் நிறுவனம் தொடங்கியபோது பின்னால் வழக்கமான சக்கரமும் முன்னால் 24 அங்குலச் சக்கரமுமாக வண்டி செய்தார். பார்ப்பதற்குக் கொஞ்சம் விநோதம், ஓட்டுபவரின் கைக்கு எட்டியது. இன்று 153 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் இணையத்தில் தேடும்போது 29ஐத் தவிர்த்து 26 அல்லது 27.5 சக்கரம் போட்ட வண்டியைப் பார்ப்பது நல்லது என்பேன். பெரியவர்கள் சைக்கிளில் சக்கரத்தின் எண்ணுக்கு ஆள் அளவோடு இன்னும் ஓர் உறவு மிச்சமிருக்கிறது என்றால் அது இந்த ஒரு ஓரத்தில்தான்.

கிராங்க் நீளத்தையும் இதோடு பார்த்துவிடலாம். யாராக இருந்தாலும் 170 மில்லிமீட்டர் என்று பூட்டி அனுப்புவது வழக்கம். கிராங்கைக் குறைத்தால் வலு குறையும் என்ற பயம் பரவலாக உண்டு. ஜிம் மார்ட்டினும் வனீன் ஸ்பிர்டூசோவும் 2001இல் வெளியிட்ட சோதனையில் 120 முதல் 220 மில்லிமீட்டர் வரை ஐந்து நீளங்களில் பயிற்சி பெற்றவர்களை முழு வேகத்தில் மிதிக்க வைத்தார்கள். உச்ச ஆற்றல் அதிகபட்சம் 1194 வாட், குறைந்தபட்சம் 1149 வாட். அதிகபட்சம் வந்தது 145 மில்லிமீட்டர் கிராங்கில். எனவே கால் குட்டையானவர் 160 அல்லது 165 தேடுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றை நோக்கி அவ்வளவு மடங்க வேண்டியதில்லை என்பது வரவு.

இவ்வளவு எண்களையும் எதோடு ஒப்பிடுவது? ஏற்கெனவே உடம்புக்கு ஒத்துவந்த ஒரு வண்டியோடு. நண்பரின் வண்டியானாலும் சரி, ஒரு மணி நேரம் ஓட்டிப்பார்த்து எங்கும் வலிக்கவில்லை என்றால் அதை அளந்துகொள்ளலாம். பின்சக்கரம் சுவரைத் தொட வண்டியை நேராக நிறுத்த வேண்டும். சுவரிலிருந்து பிபியின் மையம் எவ்வளவு தூரம், முன்குழாயின் தலை எவ்வளவு தூரம்? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ரீச். தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் எடுத்துக் கழித்தால் ஸ்டாக். கூடவே ஸ்டெம்மின் நீளம், சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை உள்ள தூரம், இவற்றையும் குறித்துக்கொள்ளலாம். முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொடுகிறதா என்று பார்க்கும் கடைக்காரர் முறையைவிட இது எவ்வளவோ தேவலை. அந்த முறை முன்கையை மட்டும் அளக்கிறது. முதுகை அது கேட்பதே இல்லை.

எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கை நீளமானவர் பெரியதை எடுக்கலாம், கால் நீளமாகி உடம்பு குட்டையானவர் சின்னதை எடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டாவது யோசனையில் ஒரு கோளாறு உண்டு: சின்ன பிரேமில் முன்பக்கமும் தாழ்ந்துவிடும், நீண்ட காலுக்காக உயர்த்திய சீட்டிலிருந்து அவர் கீழே எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் தேடவேண்டியது ஸ்டாக் கூடி ரீச் குறைந்த வேறு மாடலை. அளவை மாற்றிப் பார்ப்பதைவிட மாடலை மாற்றிப் பார்ப்பது பல சமயம் பலன் தரும். ஸ்டெம்மை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ மாற்றுவது சின்னச் செலவு. அதற்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் ஸ்டியரிங் பிடியின் குணமே மாறிவிடும், வாங்கிய பிரேம் தப்பு என்று அர்த்தம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் பெடலைப் பூட்டுவதற்கு முன் பிரேமின் சீட்டுக் குழாயையும் முன்குழாயின் நீளத்தையும் டேப்பால் அளந்து அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். பெடல் பூட்டிய தடம் கிராங்கில் விழுந்துவிட்டால் திருப்பி எடுக்கத் தகராறு செய்யும் கடைகள் உண்டு. அளவு சரிதான் என்றால் பூட்டலாம், இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறக்க வேண்டாம். முன்குழாயின் மேல் ஸ்டியரர் குழாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் வளையங்கள் இருக்கும். அழகாக இல்லை என்று மெக்கானிக் வெட்டித் தருவதாகச் சொல்வார். உடம்பு பழகி, ஹேண்டில்பாரின் உயரம் இதுதான் என்று முடிவாகும் வரை, சில வாரங்களுக்காவது, அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.